ஒரே ஃபைபரில் 5 சென்சார்: மதியம் மட்டும் ஒன்று காணாமல் போகிறது

தகரக்கூரை:
அம்பத்தூர் பக்கம் ஒரு ஷெட்டில் இரும்பு பீமுக்கு லோடு டெஸ்ட். ஒரே ஃபைபரில் 5 பிராக் கிரேட்டிங் (ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் சென்சார்; நீண்டாலோ சுட்டாலோ அந்த அலைநீளம் நகரும்), அலைநீளம் 1542 நானோமீட்டரில் தொடங்கி 1 நானோமீட்டர் இடைவெளி. நான்கைப் பீமின் அடியில் ஒட்டியாச்சு (1545 நட்ட நடுவில்), 1546 மட்டும் வெப்பநிலைக்காக ஒட்டாமல் சின்னக் குழாய்க்குள் கிடக்கிறது. காலையில் ஒழுங்காக வருகிறது, மதியம் லோடு ஏற்றியதும் ஸ்கிரீனில் 4 பீக்தான் (சென்சாருக்கு ஒன்று என 5 வர வேண்டும்). பசை விட்டுவிட்டதா, இல்லை ஒரு சென்சாரின் ஒளி இன்னொன்றில் கலக்கிறதா?

ஒளிக்கற்றை:
கிரேட்டிங்குகளுக்கு நடுவே ஒளி மாறி மாறிப் பட்டுத் திரும்பி அடுத்த சென்சாரோடு கலந்திருக்கும். பிரதிபலிப்பு 1 சதவீதத்துக்கும் குறைவான கிரேட்டிங் போடுங்கள்.

பழைய_ஸ்பிளைசர்:
அது எல்லாக் கிரேட்டிங்கும் ஒரே அலைநீளத்தில் இருந்து, ஒளி திரும்பி வரும் நேரத்தை வைத்துப் பிரிக்கும் அமைப்புக்குச் சரி. இங்கே அலைநீளமே வேறு வேறு, பீக்குகள் மேலே மேலே விழாதவரை கலப்பு கிடையாது. தம்பி, மதியம் பீம் எவ்வளவு சுடுகிறது?

தகரக்கூரை:
காலையில் 30, மதியம் 55 டிகிரி அண்ணா. லோடில் நடுவே 500 மைக்ரோஸ்ட்ரெய்ன் (நீளத்தில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு நீட்சி).

பழைய_ஸ்பிளைசர்:
அப்போ கணக்கு அதிலேயே இருக்கிறது. சும்மா கிடக்கும் கிரேட்டிங் டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும், இரும்பில் ஒட்டியது இரும்பின் விரிவையும் சேர்த்துச் சுமார் 24. ஆக 25 டிகிரிக்கு அது 0.25, இது 0.6 நானோமீட்டர். மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு 1.2 பிக்கோமீட்டர் வீதம் லோடு இன்னொரு 0.6 தள்ளும். 1545 வந்து நிற்பது 1546.2-இல், 1546 நிற்பது 1546.25-இல்; ஒரு பீக்கின் அகலமே 0.2 நானோமீட்டர் இருக்கும்போது கருவிக்கு ரெண்டும் ஒரே மலைதான். எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் வம்பில்லை, ஒன்று ஓடி இன்னொன்று மெதுவாகப் போனால்தான் இடிக்கும். ஒட்டாததை அலைநீள வரிசையின் கீழ்க்கோடியில் வைத்தால் மற்றவை அதை விட்டு விலகித்தான் போகும்.

தகரக்கூரை:
பழைய 1540 ஒன்று கிடந்தது, 1546-ஐ எடுத்துவிட்டு அதை ஸ்பிளைஸ் போட்டோம் (ஃபைபரை உருக்கி இணைத்தோம்). இன்று 2 மணி வெயிலிலும் 5 பீக் தெரிகிறது! ஆனால் பீக்குகளுக்கு அடியில் இருக்கும் கோடு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

ஒளிக்கற்றை:
சரி, என் ஊகம் தப்பு. இதுக்கு ஃபைபரின் கடைசி முனையைப் பாருங்கள், நேராக வெட்டியிருந்தால் 4 சதவீதம் ஒளி திரும்பும். முனைக்கு முன்னால் பென்சிலில் இறுக்கமாக நாலைந்து சுற்றுச் சுற்றினால் தெரிந்துவிடும். பச்சை கனெக்டரில் (முனை சாய்வு) நீலத்தைச் (முனை நேர்) சொருகி வைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள்.

தகரக்கூரை:
நீலம்தான் இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட் போய்விட்டு வருகிறேன்.