மனைவியின் சிகிச்சை: எட்டு மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு

மனைவிக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கும், கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம் வாட்டும் மனநலப் பிரச்சினை) என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், "மாத்திரையில் சரியாகிவிடுமா?" என்று இங்கே கேட்டிருந்தேன். இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. அவளுக்குத் தருவது மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும். முதன்மைச் சிகிச்சை டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி), பொங்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தர அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய பேச்சு சிகிச்சை. வாரம் ஒரு நாள் தனியாக, ஒரு நாள் குழுவில். முதல் இரண்டு மாதம் திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அழுதுகொண்டே வருவாள். இப்போது கோபம் பொங்கினால் அவளாகவே போய் ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்குகிறாள். அதுவும் அங்கே கற்றதுதான்.

நானும் கற்றேன். நான் வரத் தாமதமானால், விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்றே அவளுக்குத் தோன்றும். "இதுக்குப் போயா?" என்று கேட்ட வாய், இப்போது "பயமா இருக்குன்னு புரியுதும்மா, எட்டு மணிக்கு வந்துடுவேன்" என்கிறது. சொன்னால் எட்டுக்கு வந்துவிடவேண்டும். அதுதான் கஷ்டம்.

போன மாதம் ஒரு இரவு, வாழப் பிடிக்கவில்லை என்றாள். தனியே விடாமல் பக்கத்திலேயே இருந்து 14416க்கு (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) அழைத்தேன், அப்புறம் நேராக அவசரப் பிரிவு. நான்கு நாள் உள்நோயாளி. 2017 மனநலச் சட்டப்படி, தன் சார்பாகப் பேசும் பிரதிநிதியை நோயாளியே வெள்ளைத்தாளில் எழுதித் தரலாம். அவள் தன் அக்கா பெயரை எழுதினாள். எனக்கு வலித்தது. "உங்ககிட்ட புருஷனா மட்டும் பேசணும்" என்றாள்.

நாளை குழு வகுப்பு. இருவரும் கிளம்புகிறோம்.