சைக்கிளில் 100 கி.மீ. தாண்டினால் குமட்டல், வாந்தி. அடுத்த மாதம் 200 பிஆர்எம், உதவி தேவை

திருநகர் ரைடர்
அண்ணன்களே, அவசரம். அடுத்த மாதம் 200 கி.மீ. பிஆர்எம்முக்குப் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் பயணம்) பணம் கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்காக சாத்தூர் வரை போனேன். போகும்போது ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் மிதித்தேன். திரும்பும்போது விருதுநகர் தாண்டியதும் குமட்டல், தலைவலி. கை வேறு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கள்ளிக்குடி பக்கம் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அதற்கு மேல் முடியாமல் ஒரு குட்டி யானையில் சைக்கிளை ஏற்றி வீடு வந்து சேர்ந்தேன். அழகர்கோவில், மேலூர் எல்லாம் போய் வந்தபோது இப்படி ஆனதே இல்லை. எதை மாற்ற வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வண்டியூர் தம்பி
என்ன சைக்கிள் அண்ணே? எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? இது எதுவும் தெரியாமல் எப்படிச் சொல்வது?

கீரைத்துறை மெக்கானிக்
முதலில் சீட்டு உயரத்தைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் முழங்கால் மடியாமல் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி சரியான அளவுக்கு மடியும். சீட்டு தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், ரொம்ப ஏறியிருந்தால் பின்பக்கம் வலிக்கும். கை ஒரு மாதிரி ஆனது என்கிறீர்களே, அது ஹேண்டில்பாரில் பாரம் அதிகமாக விழுவதால்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்ததா? அந்த நரம்பு உள்ளங்கை ஓரமாகப் போகிறது, நசுங்கினால் அப்படித்தான் ஆகும். நல்ல ஜெல் கிளவுஸ் வாங்கிப் போடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

பழங்காநத்தம் பாலு
சீட்டு உயரத்துக்கும் வாந்திக்கும் என்னண்ணே சம்பந்தம்? எனக்கு டயர் மேல்தான் சந்தேகம். காற்று குறைவாக இருந்தால் அதே வேகத்துக்கு உடம்பு கூடுதலாக உழைக்கும். எத்தனை பிஎஸ்ஐ அடித்திருந்தீர்கள்?

நாகமலை சீனியர்
இந்த மாதிரி கேள்வி மாதத்துக்கு ஒன்று வருகிறது. தம்பி, 200 என்பது அழகர்கோவிலுக்குப் போய் தோசை சாப்பிட்டுத் திரும்புவது போலல்ல. அடித்தளம் இல்லாமல் பணம் கட்டினால் கள்ளிக்குடியில்தான் உட்கார வேண்டும். ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு அடுத்த வருடம் வாருங்கள். எந்த சைக்கிள் என்று சொல்லவில்லை, ஆனால் ஹைபிரிட் (ரோடு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த வகை) என்று ஊகிக்கிறேன். அதை வைத்துக்கொண்டு 200 போவது வீண் முயற்சி.

அனுப்பானடி நர்ஸ்
ரைடர் தம்பி, சைக்கிள் விஷயத்தைத் தள்ளி வையுங்கள். எனக்கு ஐந்து விவரம் வேண்டும். மொத்தம் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? வெறும் தண்ணீரா, ஏதாவது கலந்ததா? கை மரத்ததா, வீங்கியதா? வழியில் சிறுநீர் போனீர்களா, என்ன நிறம்? வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா? தலைவலி இன்னும் இருந்தால் இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

செல்லூர் பெரியவர்
எங்கள் காலத்தில் ஸ்டாண்டர்ட் சைக்கிளில் இரண்டு பால் கேனைக் கட்டிக்கொண்டு தினமும் போனவர்கள் உண்டு. யாரும் வாந்தி எடுக்கவில்லை. காலையில் நீராகாரம், கடித்துக்கொள்ள சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். அவ்வளவுதான். தம்பி காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள்.

திருநகர் ரைடர்
ஹைபிரிட்தான். காலை 6 மணிக்குக் கிளம்பினேன். திருமங்கலத்தில் நெய்ப் பொங்கலும் இரண்டு வடையும். அதற்குப் பிறகு சாப்பிடத் தோன்றவில்லை. வெயிலில் உடம்பில் நீர் குறையக் கூடாது என்று எல்லோரும் சொல்வதால் தாகம் எடுக்காவிட்டாலும் குடித்துக்கொண்டே இருந்தேன். லிட்டர் பாட்டில் எட்டு இருக்கும். எல்லாமே வெறும் தண்ணீர். கை மரக்கவில்லை, வீங்கியது. சாயங்காலம் சோப்பு போட்டுத்தான் மோதிரத்தைக் கழற்ற முடிந்தது. சிறுநீர் வெள்ளையாகத்தான் போனது, ஆனால் கடைசி இரண்டு மணி நேரம் போகவே இல்லை. தலைவலி மறுநாள் காலையில் போய்விட்டது. டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

அனுப்பானடி நர்ஸ்
விவரம் கொடுத்ததற்கு நன்றி தம்பி. இங்கிருந்துகொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. வெயில் தாக்கத்திலும் தலைவலி, குமட்டல் வரும். ஆனால் மோதிரம் இறுகியது, தாகம் இல்லாமல் எட்டு லிட்டர் வெறும் தண்ணீர் குடித்தது, காலைப் பொங்கலுக்குப் பிறகு உப்பே உள்ளே போகாதது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

எப்படி என்றால், நீண்ட நேரம் உடம்பை வருத்தும்போது நீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். குடிக்கும் தண்ணீரை சிறுநீரகத்தால் அதே வேகத்தில் வெளியேற்ற முடியாது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும், உள்ளே வருவதோ வெறும் தண்ணீர். ரத்தம் நீர்த்துப்போகும். சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அது வேகமாக இறங்கினால் மூளை வீங்கும். தலைவலியும் வாந்தியும் அதன் ஆரம்பம். பேச்சு குழறல், குழப்பம், வலிப்பு என்று போனால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் தண்ணீர் குறைவதைப் பற்றி மட்டும்தான் பயமுறுத்துகிறோம். கூடிப்போவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த முறை இதைச் செய்து பாருங்கள். கிளம்பும் முன் எடை பாருங்கள், வந்ததும் பாருங்கள். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தால் பயமில்லை. எடை ஏறியிருந்தால் குடித்தது அதிகம் என்று அர்த்தம்.

பழங்காநத்தம் பாலு
நான் நீண்ட தூரம் போகும்போது கிளம்புவதற்கு முன்னாலேயே ஒரு வலி மாத்திரை போட்டுவிடுவேன். தலைவலியும் வராது, முட்டி வலியும் வராது. முயற்சி செய்து பாருங்கள்.

அனுப்பானடி நர்ஸ்
பாலு, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள், நீங்களும் நிறுத்துங்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெயிலில் பல மணி நேரம் மிதிக்கும்போது அது இரட்டை அடி. சோடியம் இறங்கும் அபாயத்தையும் அதே மாத்திரை கூட்டும்.

வண்டியூர் தம்பி
அப்படியென்றால் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) கலந்து அதே எட்டு லிட்டர் குடிக்கலாமா சிஸ்டர்?

அனுப்பானடி நர்ஸ்
கூடாது தம்பி. ஓஆர்எஸ்ஸில் இருக்கும் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல்தான், ரத்தத்தில் இருப்பதில் பாதி அளவு. அதையும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தம் நீர்க்கும். தாகம் எடுக்கும்போது குடிப்பதுதான் முதல் விதி, உப்பு அதற்குத் துணை. இன்னொன்று, மெடிக்கலில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்ட பொடியாகப் பார்த்து வாங்குங்கள். பழச்சாறு டப்பாக்களில் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்றதை உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் தடுத்தது. பொடி கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவு.

செல்லூர் பெரியவர்
பாக்கெட் எதற்கு அம்மா? நீராகாரத்தில் உப்பு போட்டுக் குடித்தால் அதே வேலைதான். மோரில் உப்பு போட்டாலும் அதேதான். கம்பெனிக்காரன் சம்பாதிக்க வேண்டுமா?

நாகமலை சீனியர்
ஐயா, பழைய சோற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி 35 டிகிரி வெயிலில் ஆறு மணி நேரம் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டிக் கதையை வைத்து விளையாட்டுக்குத் தயாராக முடியாது. நான் 600 கி.மீ. பிஆர்எம் வரை முடித்தவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

செல்லூர் பெரியவர்
நான் வீட்டில் குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன், பாட்டிலில் ஊற்றச் சொல்லவில்லை. 600 முடித்தவர் எழுதியதை முழுசாகப் படிக்கலாமே.

அனுப்பானடி நர்ஸ்
பெரியவர் சொல்வது சரி. வீட்டில் உப்புப் போட்ட நீராகாரம், வழியில் அன்றைக்குக் கடைந்த உப்பு மோர், இரண்டும் நல்லதுதான். பாட்டிலில் எடுத்துப் போக மட்டும் பொடி வசதி.

விருதுநகர் காற்று
இந்த ரோட்டில் அடிக்கடி போகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ரைடர், திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் தள்ளியதா? இந்தப் பருவத்தில் தென்மேற்குக் காற்று இன்னும் இருக்கிறது. சாத்தூர் போகும்போது எதிரே அடிக்கும், திரும்பும்போது தள்ளிவிடும். தள்ளுகிறது என்று சந்தோஷப்படுவோம். ஆனால் நாம் போகும் வேகமும் காற்றின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றானால் உடம்பில் காற்றே படாது, வியர்வை காயாது, சூடு இறங்காது. அதுவும் நடுப்பகல். புரட்டாசி வெயில் பொன்னுருகக் காயும் என்பார்கள். நாலுவழிச் சாலையில் ஒதுங்க நிழல் கிடையாது. அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கும் தண்ணீரில் பாதியை மேலுக்கு ஊற்றியிருந்தால் இந்தக் கதையே வேறு.

கீரைத்துறை மெக்கானிக்
இதற்குத்தான் நாலுவழிச் சாலையே வேண்டாம் என்கிறேன். கோச்சடையிலிருந்து மேலக்கால் வழியாக சோழவந்தான் போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே வைகை, தென்னந்தோப்பு, வயல். உடம்பு சூடே ஏறாது.

நாகமலை சீனியர்
பயிற்சி என்றால் போட்டி நடக்கும் மாதிரியான ரோட்டில் எடுக்க வேண்டும். தோப்பு நிழலில் மிதித்துவிட்டு நெடுஞ்சாலையில் சாதிக்க முடியாது.

கீரைத்துறை மெக்கானிக்
நெடுஞ்சாலை ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் பைக்குகளை யார் பார்ப்பது? என் கடைக்கு வளைந்து வந்த சக்கரங்களை நேரில் வந்து பாருங்கள்.

வண்டியூர் தம்பி
பிஆர்எம் போட்டியே இல்லை சீனியர் அண்ணே. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சே கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் எல்லோரும் ஒன்றுதான். ஹைபிரிட் வீண் என்று சொன்னதும் தப்பு. மனித உழைப்பில் ஓடும் எந்த சைக்கிளும் போகலாம் என்பதுதான் விதி. ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேலாடை இவைதான் கட்டாயம்.

ரைடர் அண்ணே, 200-க்குப் பதின்மூன்றரை மணி நேரம் இருக்கிறது. காலை 6 மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழரை வரை. நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. போதும். நீங்கள் போகும்போது எந்த வேகத்தில் போனீர்கள்?

திருநகர் ரைடர்
சாத்தூர் வரை சராசரி 27. எதிர்காற்றுதான், ஆனாலும் விடவில்லை.

விருதுநகர் காற்று
எதிர்காற்றில் 27! அதிலேயே பாதி பதில் இருக்கிறது. அவ்வளவு அழுத்தி மிதிக்கும்போது ரத்தமெல்லாம் காலுக்கும் தோலுக்கும் போய்விடும், வயிற்றுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அங்கே நெய்ப் பொங்கலும் வடையும் செரிக்காமல் உட்கார்ந்திருக்கும், அதன் மேல் லிட்டர் லிட்டராகத் தண்ணீர். கொழுப்பு குறைந்ததாகச் சாப்பிடுங்கள். காலையில் இட்லி. வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நடுத்தர மோரிஸ் பழத்தில் 25 கிராம் அளவு இருக்கும். ஒரு பழமும் இரண்டு பேரீச்சையும் என்றால் ஒரு மணி நேரம் ஓடும். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் மிதியுங்கள். கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 80 சுற்றுக்கு மேல் காலைச் சுழற்றப் பழகுங்கள்.

பழங்காநத்தம் பாலு
காலையில் பருத்திப்பால் குடித்தால்? கருப்பட்டி இருக்கிறதே.

விருதுநகர் காற்று
வீட்டில் ஒரு டம்ளர் குடிக்கலாம். தேங்காய்ப்பால் சேர்வதால் மிதிக்கும்போது வேண்டாம். புதிதாக எதையும் பிஆர்எம் அன்று முயற்சி செய்யாதீர்கள், பயிற்சியிலேயே பார்த்துவிடுங்கள்.

நாகமலை சீனியர்
எல்லாம் சரி. ஆனால் அடுத்த மாதம் என்பது இன்னும் சீக்கிரம்தான் என்பது என் கருத்து. பதிவில் இருக்கட்டும்.

வண்டியூர் தம்பி
ரைடர் அண்ணே, என்ன ஆயிற்று? ஒரு வாரமாக ஆளையே காணோம்.

திருநகர் ரைடர்
மன்னிக்கவும், வேலை. ஞாயிறு அதே சாத்தூர் போய் வந்தேன். இட்லி, வாழைப்பழம், ஓஆர்எஸ், திருமங்கலத்தில் உப்பு மோர். சராசரி 21. தாகம் எடுத்தபோது மட்டும் குடித்தேன். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. வாந்தி இல்லை, மோதிரம் கழன்றது. நர்ஸ் அக்கா, காற்று அண்ணன், எல்லோருக்கும் நன்றி. பிஆர்எம் போகிறேன்.

எல்லீஸ் நகர்
இதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நானும் 100 கி.மீ. போக ஆசைப்படுகிறேன். ஓஆர்எஸ் குடிக்கலாமா?

அனுப்பானடி நர்ஸ்
மாத்திரையின் பெயரை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடமே கேளுங்கள் சார். சில அழுத்த மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டி சோடியத்தை இறக்கும், சில பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டுக்கும் பதில் வேறு வேறு. ஒரு சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பரிசோதனை செய்து அந்த ரிப்போர்ட்டோடு போனால் அவருக்கும் சொல்ல வசதியாக இருக்கும். அதுவரை காலை 8 மணிக்குள் வீடு திரும்பும் தூரம் மட்டும் போங்கள்.