60 ஆட்டங்களோடு முடிந்த 2020 பேஸ்பால் சீசனை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது?

கதிரொளி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலை நான் பின்தொடரத் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. பழைய சீசன்களின் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், 2020-க்கு வந்ததும் நின்றுவிட்டேன். மற்ற ஆண்டுகளில் பெரும்பாலும் ஓர் அணியின் வெற்றி தோல்விகளைக் கூட்டினால் 162 வருகிறது. அந்த ஆண்டு 60தான் வருகிறது. அதிலும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸ் ஆகிய இரண்டு அணிகள் மட்டும் 58 ஆட்டங்களோடு நின்றிருக்கின்றன. 29 வெற்றி, 31 தோல்வி என்று முடித்த மில்வாக்கி புரூவர்ஸும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் பிளேஆஃப் (சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) சுற்றுக்குள் வந்திருக்கின்றன.

கொரோனாதான் காரணம் என்பது எனக்கும் தெரியும். ஆனால், இவ்வளவு கோணலாக நடந்த ஒரு சீசனின் முடிவுகளை மற்ற ஆண்டுகளின் முடிவுகளோடு ஒரே வரிசையில் வைக்கலாமா என்பதுதான் என் ஐயம். எனக்குத் தெரிந்த சான் பிரான்சிஸ்கோ ரசிகர் ஒருவர், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அந்த ஆண்டு வென்றது "அரைக் கோப்பை" என்கிறார். அவர் டாட்ஜர்ஸுக்குப் பரம எதிரி என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. அந்த சீசனை அன்றாடம் பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நடுவாட்டம்:

கதிரொளி அவர்களுக்கு, முதலில் அந்த 60 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றவை விளங்கா.

2020 மார்ச் 12 அன்று பயிற்சி ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 26-இல் தொடங்க வேண்டிய சீசன் தேதி குறிப்பிடாமல் தள்ளிப்போயிற்று. அதன்பின் நோயைவிடச் சம்பளப் பேச்சுதான் அதிக நாட்களைத் தின்றது என்பது என் எண்ணம். ஆடிய ஆட்டங்களுக்கு ஏற்ற விகிதத்தில் முழுச் சம்பளம் வேண்டும் என்று வீரர்கள் சங்கம் நின்றது. ரசிகர்கள் இல்லாத மைதானத்தில் அது கட்டுப்படியாகாது என்று உரிமையாளர்கள் நின்றார்கள். இரு தரப்பும் உடன்படாத நிலையில், ஜூன் மாதப் பிற்பகுதியில் ஆணையர் ராப் மேன்ஃபிரெட் 60 ஆட்ட அட்டவணையைத் தாமாகவே அறிவித்தார். ஜூலை 23-இல் தொடங்கி செப்டம்பர் 27-இல் முடிந்தது. அதாவது வழக்கமான சீசனில் 37 விழுக்காடு.

மேஜர் லீகில் அமெரிக்க லீக், தேசிய லீக் என இரண்டு உண்டு; ஒவ்வொன்றிலும் கிழக்கு, நடு, மேற்கு என மூன்று பிரிவுகள். பயணத்தைக் குறைப்பதற்காகக் கிழக்குப் பிரிவு அணிகள் கிழக்கோடும், நடுப் பிரிவு நடுப் பிரிவோடும், மேற்கு மேற்கோடும் மட்டுமே ஆடின. ஒவ்வோர் அணிக்கும் தன் பிரிவுக்குள் 40 ஆட்டங்கள், மற்ற லீகின் அதே பகுதி அணிகளோடு 20 ஆட்டங்கள். ஆகவே, கிழக்கிலிருந்து ஓர் அணியைக்கூடப் பார்க்காமலேயே டாட்ஜர்ஸ் பிளேஆஃப் வரை வந்தது. வெவ்வேறு பகுதி அணிகளின் வெற்றி விகிதங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது அந்த ஆண்டில் ஏறத்தாழப் பொருளற்றது. பட்டியலைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி இதுதான்.

பிளேஆஃப் அணிகளை 10-லிருந்து 16 ஆக உயர்த்தும் உடன்பாடு முதல் ஆட்டம் தொடங்கவிருந்த அன்றுதான் கையெழுத்தானது. தோல்வி மிகுந்த அணிகள் உள்ளே வந்ததற்குக் காரணம் அதுதான். மில்வாக்கியைப் போலவே சான் பிரான்சிஸ்கோவும் 29-31. தன் பிரிவுக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கில் பின்தங்கியதால் வெளியே நின்றது. உங்கள் நண்பரின் மனக்குறைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மட்டைக்காரன்:

அந்த சீசனை ஒரு நாள் விடாமல் பின்தொடர்ந்தவன் என்ற முறையில் 58 ஆட்டங்களின் கதையைச் சொல்கிறேன்.

தொடங்கி மூன்றே நாட்களில் மயாமி மார்லின்ஸ் அணிக்குள் தொற்று புகுந்தது. பிலடெல்பியாவில் நடந்த தொடரின் கடைசி ஆட்டத்தை, சிலருக்குத் தொற்று உறுதியானது தெரிந்த பிறகும் அவர்கள் ஆடினார்கள். அடுத்த சில நாட்களில் தொற்றுக்கு ஆளான வீரர்களின் எண்ணிக்கை 18-ஐ எட்டியது. எதிரே ஆடிய குற்றத்துக்காகப் பிலடெல்பியாவும் ஒரு வாரம் களமிறங்க முடியவில்லை. இத்தோடு சீசன் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மார்லின்ஸ் அணியோ, கேள்விப்பட்டிராத பெயர்களையெல்லாம் திரட்டிக்கொண்டு ஆகஸ்ட் 4 அன்று பால்டிமோரில் இறங்கி, அந்தத் தொடரின் நான்கு ஆட்டங்களையும் வென்றது. முந்தைய ஆண்டு 105 ஆட்டங்களில் தோற்ற அணி, 31-29 என்று முடித்து 2003-க்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃப் சென்றது.

கார்டினல்ஸின் நிலை இன்னும் மோசம். ஜூலை 29-இல் ஆடியவர்கள் மறுபடி ஆடியது ஆகஸ்ட் 15-இல்தான். தனிமைப்படுத்தல் முடிந்து சிகாகோவுக்குப் புறப்பட்டபோது, ஒரே பேருந்தில் ஏறினால் மறுபடி பரவிவிடுமோ என்ற அச்சத்தில், 41 வாடகைக் கார்களை எடுத்து ஆளுக்கொரு காராக ஓட்டிச் சென்றார்கள். அதன்பின் 44 நாட்களில் 53 ஆட்டங்கள். அவற்றில் 11 நாட்கள் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். டெட்ராய்டோடு பாக்கியிருந்த இரண்டு ஆட்டங்களைத் தேவைப்பட்டால் மட்டும் சீசன் முடிந்த மறுநாள் ஆடுவது என்று வைத்திருந்தார்கள். கடைசி நாளில் கார்டினல்ஸ் மில்வாக்கியை வென்று இடத்தை உறுதி செய்துவிட்டதால் அதற்குத் தேவை எழவில்லை. திட்டமிட்ட 900 ஆட்டங்களில் 898 நடந்தன. நடக்காதவை அந்த இரண்டு மட்டுமே. ஆகஸ்ட் தொடக்கத்தில் யாரேனும் இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

பின்தொடர்வதே ஒரு தனி வேலையாக இருந்தது. காலையில் எழுந்தவுடன் முந்தைய நாள் முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்னால், அன்றைக்கு எந்த ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். ஒத்திவைத்த ஆட்டங்களைக் கிடைத்த ஊரில் நடத்தியதால், தன் சொந்த மைதானத்திலேயே விருந்தாளியாக முதலில் மட்டை பிடித்த அணிகளும் உண்டு. இரட்டை ஆட்டங்கள் என்றால் 9 இன்னிங்ஸுக்குப் பதில் 7 இன்னிங்ஸ்தான். காலி நாற்காலிகளில் ரசிகர்களின் முகம் அச்சிட்ட அட்டைகள் நின்றன. ஒலிபெருக்கியில் ஒரு வீடியோ கேமுக்காகப் பதிவு செய்திருந்த கூட்டத்தின் இரைச்சலை ஓடவிட்டார்கள். அந்த இரைச்சல் சற்றே அடங்கிய நொடிகளில், மட்டையில் பந்து படும் ஓசையும், ஆட்டக்காரர்கள் அமரும் இடத்திலிருந்து ஒருவர் நடுவரைப் பார்த்துக் கத்துவதும் தொலைக்காட்சியில் துல்லியமாகக் கேட்டன. அதை மட்டும் நான் இன்றும் விரும்புகிறேன்.

எனக்கு நோட்டுப் புத்தகத்தில் கையால் ஸ்கோர் எழுதும் பழக்கம் உண்டு. சமநிலையில் இருக்கும் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனால் இரண்டாம் பேஸில் (ஓட்டம் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவது) ஓர் ஓட்டக்காரரை நிறுத்தித் தொடங்கும் விதி அந்த ஆண்டுதான் மேஜர் லீகில் வந்தது. மட்டையே பிடிக்காமல் பேஸில் நிற்கும் மனிதரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முதல் நாள் திகைத்துப்போனேன். அவர் எடுக்கும் ஓட்டம் பந்தெறிபவரின் சராசரியில் சேராது. அவருக்கான கோட்டை மட்டும் புள்ளிக் கோடாக இழுத்துச் சமாளித்தேன்.

பொறுமைசாலி:

மேலே எழுதிய இருவரும் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி வேறு. கோப்பை, தனிநபர் எண்கள் ஆகிய இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது என்பதே என் வாதம்.

தனிநபர் எண்களைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். அமெரிக்க லீகில் டி.ஜே. லமேஹியூ .364, தேசிய லீகில் ஹுவான் சோட்டோ .351 சராசரியோடு (அதாவது ஆயிரம் வாய்ப்புகளுக்கு 351 வெற்றிகரமான அடிகள் என்ற விகிதம்) மட்டையாளர் பட்டம் பெற்றார்கள். சோட்டோ ஆடியதோ 47 ஆட்டங்கள்தான். 60 ஆட்டங்களில் சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்குக் கொலராடோவின் சார்லி பிளாக்மனைப் பாருங்கள். ஆகஸ்ட் நடுவில் .500 என்று நின்றவரைப் பார்த்து, ".400-ஐத் தொட்டால் அதைச் சாதனையாக ஏற்பதா?" என்று எல்லோரும் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரோ .303-இல் வந்து இறங்கி அந்தச் சண்டையைத் தாமே தீர்த்துவைத்தார். லூக் வாய்ட் அடித்த 22 ஹோம் ரன்கள்தான் அந்த ஆண்டின் உச்சம். அதை 2.7 ஆல் பெருக்கி "முழு சீசனில் 59 அடித்திருப்பார்" என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். களைப்பும் காயமும் செப்டம்பர் வெயிலும் பெருக்கல் வாய்ப்பாட்டில் வருவதில்லை. கிளீவ்லாந்தின் ஷேன் பீபர் மட்டும் விதிவிலக்கு: 8 வெற்றி, 1 தோல்வி, 9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.63, 122 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்குகளில் மட்டையாளரை வெளியேற்றுவது). பந்தெறிபவருக்கு 12 ஆட்டங்கள் என்பது குறைவுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டையும் பார்த்தவர்களுக்கு ஐயம் இருக்காது.

அணிகளின் தரத்தையும் 60 ஆட்டங்களில் முழுதாக அளக்க இயலாது. 2019-இல் கோப்பையை வென்ற வாஷிங்டன் நேஷனல்ஸ், அந்த ஆண்டின் முதல் 60 ஆட்டங்களுக்குப் பிறகு 27-33 என்று நின்றது. ஆகையால் 2020-இன் பட்டியல் ஒரு நீண்ட ஓட்டத்தின் பாதியில் எடுத்த புகைப்படம் போன்றது.

கோப்பைக்கு இந்த வாதம் பொருந்தாது என்று கருதுகிறேன். டாட்ஜர்ஸ் 43-17, அது முழு சீசனுக்கு நீட்டினால் 116 வெற்றிகள் (இப்போதுதான் பெருக்கல் கூடாது என்றேன், பொறுத்தருளவும்). ஆனால் அதற்கு முந்தைய ஆண்டும் அடுத்த ஆண்டும் அவர்கள் 162-இல் தலா 106 வென்றவர்கள்; 2022-இல் 111. குறுகிய சீசனின் குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்த அணி அல்ல அது. கோப்பைக்கு வழக்கமாக 11 வெற்றிகள் போதும்; அந்த ஆண்டு கூடுதல் சுற்று இருந்ததால் 13 தேவைப்பட்டன. தேசிய லீகின் இறுதிச் சுற்றில் அட்லாண்டாவுக்கு எதிராக 1-3 என்று பின்தங்கியிருந்து மீண்டார்கள். அந்தச் சுற்றின் ஏழு ஆட்டங்களும் ஓய்வு நாளின்றித் தொடர்ந்து ஏழு நாட்கள் நடந்தன. வழக்கமான ஆண்டில் இரண்டு, மூன்று நல்ல பந்தெறிபவர்களை வைத்துச் சமாளித்துவிடலாம். அங்கே அது நடக்காது.

கதிரொளி:

மூவருக்கும் நன்றி. பொறுமைசாலி அவர்களின் பிரிப்பு எனக்கு மிகவும் உதவுகிறது. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. சீசன் முன்பும் இடையில் முறிந்திருக்கிறதே? 1981 வேலைநிறுத்த ஆண்டையும் இப்படித்தான் பார்க்கிறார்களா? அந்த ஆண்டு வந்த மாற்றங்களில் எவை நிலைத்தன?

நடுவாட்டம்:

1981 இதைவிட அநீதியானது என்பேன். சீசனை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியின் முதலிடத்துக்கும் வாய்ப்புக் கொடுத்தார்கள். அதன் விளைவாக, ஒட்டுமொத்தமாக 66-42 என்று எல்லோரையும்விட முன்னே நின்ற சின்சினாட்டி ரெட்ஸ், இரு பாதிகளிலும் இரண்டாமிடம் பெற்றதால் வீட்டுக்குப் போயிற்று. 1994-இல் கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. 2020-இல் தகுதியான அணி ஒன்று வெளியே தள்ளப்பட்டது என்று யாரும் முறையிட முடியாது. தகுதியற்ற சில அணிகள் உள்ளே வந்தன, அவ்வளவே.

மாற்றங்களில் 7 இன்னிங்ஸ் ஆட்டங்கள் 2021-உடன் போயின. பந்தெறிபவருக்குப் பதில் வேறொருவர் மட்டை பிடிக்கும் முறை 2022 முதல் தேசிய லீகிலும் நிரந்தரமாயிற்று. இரண்டாம் பேஸ் ஓட்டக்காரர் 2023 முதல் நிரந்தரம். மட்டைக்காரன் அவர்களின் புள்ளிக் கோட்டுக்கு இனி ஓய்வில்லை.

மட்டைக்காரன்:

ஓய்வில்லைதான், நோட்டுகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன.

கதிரொளி அவர்களே, பட்டியலை மூடிவிட்டு, 2020 வேர்ல்ட் சீரிஸில் டாட்ஜர்ஸும் டேம்பா பேயும் மோதிய ஆறாவது ஆட்டத்தைப் பாருங்கள். அக்டோபர் 27, டெக்சாஸின் ஆர்லிங்டன் மைதானம், சுமார் 11,000 ரசிகர்கள் மட்டும். டேம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளே எறிந்திருக்கிறார், 9 ஸ்டிரைக்அவுட், 1-0 முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் விழுந்ததும் மேலாளர் கெவின் கேஷ் நடந்து வந்து அவரை வெளியே எடுக்கிறார். அடுத்து வர வேண்டிய மூன்று மட்டையாளர்களும் அதுவரை ஸ்னெல்லிடம் ஆளுக்கு இரண்டு முறை ஸ்டிரைக்அவுட் ஆனவர்கள். மாற்றாக வந்த நிக் ஆண்டர்சனிடம் மூக்கி பெட்ஸ் உடனே இரட்டை (ஒரே அடியில் இரண்டாம் பேஸை எட்டுவது) அடிக்கிறார். சில நிமிடங்களில் டாட்ஜர்ஸ் 2-1. ஆட்டம் 3-1 என்று முடிந்தது.

எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மூன்றாம் பேஸில் ஜஸ்டின் டர்னரைக் காணோம். காயம் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்த பிறகுதான் அவருக்குத் தொற்று உறுதியாகி, நடுவிலேயே வெளியே அனுப்பப்பட்ட செய்தி வந்தது. தனிமையில் இருக்க வேண்டியவர் சற்று நேரத்தில் களத்துக்குத் திரும்பி வந்து, கோப்பையோடு எடுத்த அணிப் படத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் அமர்ந்தார். பக்கத்தில் இருந்தவர், முன்பு புற்றுநோயிலிருந்து மீண்டவரான மேலாளர் டேவ் ராபர்ட்ஸ்.