வெளியூரில் கல்யாணம் வைக்கலாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வேளச்சேரி நாத்தனார்:
தம்பிக்கு உதய்பூரில் கல்யாணம். ஏரி, அரண்மனையெல்லாம் படத்தில் பார்த்திருப்பீர்கள், அதைப் பற்றி விரிக்கவில்லை. 2023 டிசம்பர் 7 முகூர்த்தம். எங்களுக்கு 4-ஆம் தேதி விமானம். அன்றைக்குத்தான் மிக்ஜாம் புயல். ஓடுபாதையில் தண்ணீர், விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மறுநாள் திறந்தார்கள், ஆனால் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்டும் இல்லை, போனும் இல்லை. படகு வந்து, மாமியாரையும் கைக்குழந்தையையும் நங்கநல்லூரில் சொந்தக்காரர் வீட்டில் சேர்ப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

வீடியோ காலில்தான் பார்த்தேன். தம்பி குனிந்து முதல் முடிச்சுப் போடுவது வரை தெரிந்தது. அப்புறம் படம் அப்படியே நின்றுவிட்டது. கெட்டிமேளம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மற்ற இரண்டு முடிச்சும் நான் போட வேண்டியது. சித்தப்பா மகள் போட்டாள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கும் எங்கே கெட்டிமேளம் கேட்டாலும் அந்த நின்றுபோன படம்தான் கண்ணில் வருகிறது.

காரைக்குடி சம்பந்தி:
வருத்தம் புரிகிறதம்மா. ஆனால் அது புயல் செய்த வேலை. அந்த வாரம் சென்னையில் மண்டபம் பிடித்திருந்தால் சமையல்காரரே வந்து சேர்ந்திருக்க மாட்டார். 2015 வெள்ளத்திலும் இதே கதிதானே?

எங்கள் பையனுக்குக் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் வைத்தோம். எழும்பூரிலிருந்து பல்லவன் ரயிலில் ஏறினோம். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் என் தங்கையும் என் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கூடை மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். சொத்து விஷயத்தில் பேச்சு நின்றுபோனவர்கள். "நாரை இப்படிக் கொடுங்க அண்ணி" என்றாள் தங்கை. அவ்வளவுதான். சென்னை மண்டபமாக இருந்தால் பந்தி முடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போயிருப்பாள்.

வேளச்சேரி நாத்தனார்:
அண்ணா, நான் புயலோடு சண்டை போடவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். அறைகளுக்குக் கொடுத்த பணம் திரும்பாது என்றதும் பேச்சு அதோடு முடிந்ததாம். எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அதுதான் ஆறவில்லை.

கடற்கரை மணப்பெண்:
உதய்பூர் வரை போக வேண்டாம், மாமல்லபுரத்திலேயே நடந்த என் கதையைக் கேளுங்கள். ஹாலுக்குள் ஹோமம் கூடாது, புகை பட்டால் அலாரம் அடிக்கும் என்று முதல் நாள் சாயங்காலம்தான் சொன்னார்கள். சரி என்று கடலைப் பார்த்த புல்தரையில் மேடை போட்டார்கள். சித்திரை மாதம், பதினொன்றரை மணி. கடற்காற்று கிளம்பிவிட்டது. ஐயர் நெய் விடவிட அக்கினி படுத்துக்கொண்டது. கடைசியில் அப்பாவும் மாமாவும் ஒரு ஜமுக்காளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாலி கட்டும் போட்டோவில் அப்பா இல்லை. ஜமுக்காள ஓரத்தில் மோதிரம் போட்ட அவர் விரல்கள் மட்டும் இருக்கின்றன.

தாம்பரம் பெரியவர்:
அண்ணன் பேத்தி கல்யாணம் கோவாவில். எனக்கு ரிசப்ஷன் பத்திரிகை மட்டும் வந்தது. அதில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற இடத்தில் என் பெயரைத் தேடினேன், இல்லை. அந்த வீட்டுக் காதுகுத்திலிருந்து எல்லா விசேஷத்துக்கும் எங்கள் வீட்டு மொய் எழுதியிருக்கிறது.

போகட்டும். வைக்கப் போகிறவர்கள் இதையெல்லாம் கவனியுங்கள். அக்கினி வளர்க்க எங்கே இடம், வெளிச் சமையல்காரரை உள்ளே விடுவார்களா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். முட்டி வலிக்காரர்களுக்குக் கீழ்த்தள அறையா, லிப்ட் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். புல்தரைக் கச்சேரி ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடையாது, ஒலிபெருக்கி விதி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். நாதஸ்வரக் கோஷ்டியை இங்கிருந்து அழைத்துப் போனால் தவிலைச் சரக்கோடு போட வித்வான் சம்மதிக்க மாட்டார், விமான நிறுவனத்திடம் முன்பே பேசுங்கள். அப்புறம் பதிவு. தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணத்தை 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். வெளி மாநிலம் என்றால் எந்த அலுவலகம், என்னென்ன காகிதம் என்று அங்கே போகும் முன்பே விசாரியுங்கள். மாப்பிள்ளை பெண்ணுக்கு விசா எடுக்கும்போது அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். ஆடியும் மார்கழியும் தள்ளுபடி விலை காட்டுவார்கள், மயங்க வேண்டாம்.

மந்தைவெளி அம்மா:
ஐயா, பெயர் போடாதது தப்புதான். ஆனால் மொய்க் கணக்கை வைத்து ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குக் கூட்டம் சேர்க்க முடியாது. நான் மண்டபம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். "உன் கல்யாணத்துக்கு வந்ததில் எத்தனை பேரை உனக்குத் தெரியும்மா?" என்று மகள் கேட்டாள். ஆல்பத்தை எடுத்து உட்கார்ந்தேன். மேடையில் என் பக்கத்தில் வரிசையாக நிற்பவர்களில் பாதிப் பேர் அப்பாவின் ஆபீஸ்காரர்கள், ஒருவர் பெயரும் தெரியவில்லை. என் உயிர்த்தோழி ஒரு படத்தில்கூட இல்லை. பந்திக்கு இடம் பிடிக்க ஓடியிருப்பாள்.

ஏற்காட்டுக்குச் சரி சொல்லிவிட்டேன். தை மாதம். லிப்ட் இருக்கிறதா என்று நாளைக்கே விசாரிக்கிறேன் ஐயா.