ஜிபிஇசட்900ஆர் முன்பக்கம்: முழுசாக மாற்றலாமா, உள்ளதையே தேற்றலாமா?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1985 கவாசாகி ஜிபிஇசட்900ஆர் பைக். இன்ஜின் கடிகாரம் மாதிரி ஓடுகிறது. வயதானது முன்பக்கம்தான். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மூக்கு அப்படியே குத்துகிறது, லீவர் கைப்பிடியைத் தொடும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. போன வாரம் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்கள்) ஆயிலை வடித்தேன். சாம்பல் நிறத்தில், அழுகிய மீன் வாடையோடு வந்தது. சீலும் ஆயிலும் புதிதாகப் போட்ட பிறகும் பெரிய மாற்றம் இல்லை.

இதே வண்டியின் 1990-இல் வந்த ஏ7 மாடலில் 41 மிமீ ஃபோர்க், 17 அங்குலச் சக்கரம், நான்கு பிஸ்டன் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பகுதி), 300 மிமீ டிஸ்க். என்னுடையதில் 38 மிமீ ஃபோர்க், 16 அங்குலச் சக்கரம், ஒற்றைப் பிஸ்டன். ஏ7 முன்பக்கத்தை முழு செட்டாக மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: வண்டி திரும்பும் விதம் மாறியதா? பின்பக்க உயரத்தையும் சரிசெய்ய வேண்டியிருந்ததா?

அப்புறம், பெரிய காலிப்பருக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பகுதி) போதுமா? தள்ள வேண்டிய ஆயில் கூடினால் லீவர் இன்னும் உள்ளே வருமே என்பதுதான் என் கவலை.

மனசு என்னவோ பழைய ஃபோர்க்கை வைத்துக்கொள்ளத்தான் சொல்கிறது. கடினமான ஸ்பிரிங், பிரேக்குக்கு ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டுப் பார்க்கலாம். ஆன்டி-டைவ் (பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்துவதைக் குறைக்கும் அமைப்பு) உள்ள இந்த ஃபோர்க்கில் எமுலேட்டர் (ஃபோர்க் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) பொருத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? படம் இருந்தால் பெரிய உதவி.