1967 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார்: அமெரிக்க மாடலா, ஐரோப்பிய மாடலா?

கேள்வி: வாங்கப் பார்க்கும் வண்டியில் ஹெட்லைட் நிமிர்ந்து நிற்கிறது, ஸ்பீடோமீட்டர் மைலில். அமெரிக்க மாடல் என்று இதை நம்பலாமா?

பதில் 1: மைல் மீட்டர் பிரிட்டன் வண்டியிலும் உண்டு, அதை விடுங்கள். முதலில் பின் சீட்டைத் தூக்கி, நடு டனலில் (தரையின் நடுவில் நீளும் மேடு) அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். 117 என்று தொடங்கினால் 11 பீட்டில் செடான், 7 என்பது 1967 மாடல் (1966 ஆகஸ்ட் முதல் 1967 ஜூலை வரை). எந்த நாட்டுக்குப் போனது என்று அந்த எண் சொல்லாது.

நிஜ அடையாளம் முன் ஃபெண்டர் (மட்கார்டு) தான். அந்த வருஷம் அமெரிக்க வண்டிக்கு மட்டும் நிமிர்ந்த சீல்டு பீம் (கண்ணாடியும் பல்பும் ஒரே மூடிய துண்டு) ஹெட்லைட், ஆனால் பம்பர் பழைய வளைந்த வகை. மற்ற நாடுகளில் சாய்ந்த கண்ணாடி மூடி. ஹெட்லைட் நிமிர்ந்து தெரிய 1968 ஃபெண்டரை மாட்டியிருந்தால் பம்பர் பிராக்கெட் துளை மேலே இருக்கும். பழைய பம்பருக்காக வெட்டி ஒட்டிய வெல்டிங் தழும்பை உள்பக்கம் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

பதில் 2: கூடவே பேட்டரி. அமெரிக்க 67 என்றால் 12 வோல்ட், 1500 சிசி. ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே இன்ஜின் எண் H என்று தொடங்க வேண்டும். F என்றால் 1300, இன்ஜின் மாறியிருக்கிறது அல்லது வண்டியே வேறு. H மட்டும் ஆதாரமாகாது, ஐரோப்பாவிலும் 1500 விற்றார்கள். முழுச் சிவப்பு டெயில் லைட் அமெரிக்க வகைதான், ஆனால் லென்ஸ் மாற்றுவது இரண்டு ஸ்க்ரூ வேலை.

பதில் 3: சந்தேகம் தீராவிட்டால் ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்பர்க் நகரின் ஃபோக்ஸ்வேகன் அருங்காட்சியகத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பிறப்புச் சான்றிதழ் கேளுங்கள். தயாரிப்பு நாள், அனுப்பிய இடம், அசல் நிறம் எல்லாம் அதில் வரும். முன்பணம் அதற்குப் பிறகு.