ரீபில்ட் ஓடும்போது உங்களுக்கு என்ன நடந்தது? வீட்டு நாஸ் டிரைவ் அனுபவங்கள்

நிழல்மரம்

நான்கு டிரைவ் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), ரெய்டு 5 (தரவைப் பல டிரைவில் பிரித்து வைத்து, ஒன்று போனாலும் தாங்கும் அமைப்பு), எல்லாமே 4 டெராபைட். ஒன்று படுத்துவிட்டது. புதிது வாங்கிப் போட்டு ரீபில்ட், அதாவது போன தரவை மற்ற டிரைவ்களிலிருந்து கணக்கிட்டு அதில் எழுதும் வேலை, ஓடவிட்டேன். இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான். அப்புறம் திரையில் பார்த்ததுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

தொடக்கத்தில் வேகம் நொடிக்கு 150 மெகாபைட், மீதி நேரம் 7 மணி என்று காட்டியது. விடிவதற்குள் முடிந்துவிடும் என்று வேறு வேலை பார்க்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வேகம் 9 மெகாபைட், மீதி நேரம் 4 நாள். பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க அந்த எண் ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. மிச்சமிருந்த மூன்று டிரைவும் செத்துப்போனதோடு சேர்த்து வாங்கியவை, ஒரே வயது. அதில் இன்னொன்று போனால் மொத்தமும் போச்சு. மூன்றும் கரகரவென்று ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாடல் எண்ணைப் போட்டுத் தொழில்நுட்பக் குறிப்பைத் தோண்டி எடுத்தபோதுதான் புதியது எஸ்.எம்.ஆர். டிரைவ் என்று தெரிந்தது. கூரைக்கு ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் விளிம்பில் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுகிற வகை. ஓர் இடத்தைத் திருத்த வேண்டுமானால் அதையடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரணமாகக் கோப்பு போட்டு எடுக்கும்போது டிரைவுக்குள் இருக்கும் தற்காலிக இடம் இதை மறைத்துவிடும். ரீபில்டில் ஓய்வே இல்லாமல் எழுதுவதால் அந்த இடம் நிரம்பி, வேகம் அடியோடு சரிந்துவிடுகிறது. அட்டைப்பெட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாங்குகிறவனிடம் இதைச் சொல்லாமல் விற்பது அநியாயம்.

உங்களுக்கு ரீபில்ட் நேரத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஏழாம்படி

நிழல்மரம், பழி முழுவதையும் எஸ்.எம்.ஆர். மேல் போட வேண்டாம். என்னிடம் இருந்ததெல்லாம் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். டிரைவ்தான். ஆனாலும் ரீபில்ட் பாதியில் நின்றது.

நல்ல டிரைவ் ஒன்றை நாஸ் தானாகவே கழற்றிவிட்டு "தோல்வி" என்று சிவப்பு விளக்கு போட்டது. அந்த டிரைவை எடுத்துக் கணினியில் மாட்டி முழுச் சோதனை ஓட்டினேன். ஒரே ஒரு செக்டர் (டிரைவில் தரவு இருக்கும் சிறு துண்டு) படிக்கச் சிரமப்பட்டது, அவ்வளவுதான். மேசைக் கணினிக்கான டிரைவ் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சில சமயம் நிமிடக் கணக்கில். நாஸில் ஓடும் லினக்ஸ் வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பைத் திரும்பத் தொடங்கப் பார்க்கும், கடைசியில் டிரைவே போய்விட்டது என்று முடிவுகட்டும். நாஸுக்கென்று செய்த டிரைவ்கள் பெரும்பாலும் 7 நொடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். உபரித் தரவு மிச்சமிருந்தால் அந்த ஒரு செக்டரை ரெய்டு மற்ற டிரைவ்களிலிருந்து கணக்கிட்டுத் திரும்ப எழுதிவிடும் (ரெய்டு 5-இல் ஏற்கெனவே ஒரு டிரைவ் போயிருந்தால் இது முடியாது).

சில மேசை டிரைவ்களில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை வழியாக இந்த நேரத்தைக் குறைக்கலாம். 70 என்று கொடுத்தால் 7 நொடி என்று பொருள், அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அது ஏற்காத டிரைவ் என்றால் லினக்ஸ் பொறுக்கும் நேரத்தை 180 நொடிக்கு ஏற்றிவிடுங்கள்.

குறுக்குத்தெரு

என்னுடையது ரீபில்ட் கதை இல்லை, ஆனால் அதே திகில். புது நாஸ், புது டிரைவ், முதல் தடவை படங்களை ஏற்றுகிறேன், வேகம் 11 மெகாபைட்டைத் தாண்டவே இல்லை. டிரைவ் கெட்டது என்று முடிவே பண்ணிவிட்டேன். திருப்பி அனுப்பப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது, ரவுட்டரில் அந்தப் போர்ட்டின் விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிவது கண்ணில் பட்டது. கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கிறது. அதனால் 1000-க்குப் பதில் 100 மெகாபிட்டில் இணைந்திருக்கிறது. கேபிளை மாற்றியதும் 110 மெகாபைட். 11 என்ற எண்ணைப் பார்த்தால் டிரைவைத் தொடாதீர்கள், முதலில் கேபிளைப் பாருங்கள்.

பழையவட்டு

வெளியே வைக்கும் யூஎஸ்பி டிரைவை உடைத்து உள்ளிருந்ததை நாஸில் போட்டேன். சுழலவே இல்லை. செத்த டிரைவ் என்று நினைத்தேன். புதிய சாட்டா (டிரைவை இணைக்கும் முறை) விதிப்படி பவர் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிரைவ் அணைந்தே இருக்கும். அந்தப் பின்னை மறைத்துத் துளி காப்டான் டேப் (மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டியதும் உயிர் வந்தது.

என் கதை அவ்வளவுதான். கேட்காவிட்டாலும் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், புதிதாக அமைப்பவர்களுக்கு உதவும். டிரைவ் வந்தவுடன் தரவு ஏற்றாதீர்கள். காலியாக இருக்கும்போதே முழு எழுத்துச் சோதனை, அப்புறம் ஸ்மார்ட்டின் (டிரைவ் தன் நிலையைத் தானே பதியும் வசதி) நீண்ட சோதனை. பெரிய டிரைவ் என்றால் நாள் கணக்கில் ஆகும், ஆகட்டும். சாகிற டிரைவ் இப்போதே சாகட்டும். ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்று வரிகளையும் (கெட்ட செக்டர் கணக்கு) பாருங்கள், அவை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். 199 ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி, டிரைவ் இல்லை. 193 வேகமாக ஏறினால் படிக்கும் தலை ஓயாமல் ஒதுங்கித் திரும்புகிறது, மின்சேமிப்பு அமைப்பைத் தளர்த்துங்கள். எல்லா டிரைவையும் ஒரே தொகுப்பிலிருந்து வாங்காதீர்கள். மாதம் ஒருமுறை ஸ்கரப் (எல்லா டிரைவையும் முழுதாகப் படித்துச் சரிபார்ப்பது) ஓடட்டும். மின்சாரம் திடீரென்று போகாமல் ஒரு யூபிஎஸ், அதன் யூஎஸ்பி கம்பியும் நாஸில் சொருகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி தீரும் நேரத்தில் நாஸ் தானாக அணையாது. எஸ்.எம்.ஆர். பற்றி: 2020 ஏப்ரலில் இது வெளியே வந்தபோது, நாஸுக்கென்று விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான டிரைவ்களில் இந்த முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டலே ஒப்புக்கொண்டது. அப்புறம் சி.எம்.ஆர். மாடல்களை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். ஆகவே எந்த நிறுவனமானாலும் வரிசையின் பெயரை நம்பாமல் மாடல் எண்ணை அவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ரெய்டு 5 என்பதே முடிந்த கதை. 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை என்று பல டிரைவ்களின் தொழில்நுட்பக் குறிப்பிலேயே போட்டிருக்கிறான், அதாவது சுமார் 12.5 டெராபைட். நிழல்மரம் மூன்று டிரைவையும் முழுதாகப் படித்தால் 12 டெராபைட். கணக்கு நீங்களே போடுங்கள்.

ஏழாம்படி

பழையவட்டு சார், அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது "இதைவிட மோசமாகாது" என்று தயாரிப்பாளர் கொடுக்கும் எல்லை. 12.5 டெராபைட் படித்ததும் பிழை வந்தே தீரும் என்று பொருள் இல்லை. மாதா மாதம் ஸ்கரப் ஓட்டச் சொன்னது நீங்கள்தான். அப்படி ஓட்டுகிறவர்களின் டிரைவ்கள் அந்த அளவைப் பலமுறை தாண்டியும் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடுகின்றன. ரெய்டு 6 நல்லதா என்று கேட்டால் நல்லதுதான், இரண்டு டிரைவ் போனாலும் தாங்கும். ஆனால் நான்கு டிரைவில் பாதி இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் நான் தனியாக ஒரு பேக்கப் டிரைவ் வாங்குவேன்.

மழைத்துளி

நீங்கள் இருவரும் கணக்கு போடுங்கள், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டு நாஸில் ஒரு டிரைவ் போனது. திரையில் "டிரைவ் 3" என்று வந்தது. அண்ணன் இடமிருந்து எண்ணி மூன்றாவதன் கைப்பிடியைத் திறந்துவிட்டான், இழுக்க வேண்டியதுதான் பாக்கி. நான் "அண்ணா, கையை எடு" என்று கத்தினேன். பெட்டியில் எங்கும் எண் அச்சிடவில்லை, ஒன்று எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்?

நாஸை முறைப்படி அணைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, டார்ச் அடித்து வரிசை எண்ணைப் படித்தோம். எண்ணிக்கை வலமிருந்து தொடங்குகிறது. அவன் இழுக்கவிருந்தது நல்ல டிரைவ். ரெய்டு 5-இல் அது வந்திருந்தால் அந்த நிமிடமே அத்தனையும் படுத்திருக்கும். இப்போது ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்தைச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். லினக்ஸ் டிரைவ்களுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களையும் நம்ப வேண்டாம், மறுதொடக்கத்தில் அவை இடம் மாறலாம்.

கடற்கரை_ஓரம்

எனக்கு டிரைவ் ஒன்றும் போகவில்லை. ரெய்டு பச்சையாகவே இருந்தது. ஒரு நாள் காலையில் எல்லாக் கோப்புப் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால், எதுவும் திறக்கவில்லை. திரையில் பிட்காயின் கேட்டு ஒரு பக்கம். ரவுட்டரில் யூபிஎன்பி (கருவிகள் தாமே ரவுட்டரில் வழி திறக்கும் வசதி) வழியாக நாஸ் தானே வெளியே கதவு திறந்து வைத்திருக்கிறது. 2022-இல் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் நச்சு நிரல் பரவியது இந்த மாதிரிதான். அப்பாவின் பழைய படங்கள் மட்டும் பிழைத்தன, அவை அலமாரியில் கழற்றி வைத்திருந்த டிரைவிலும் இருந்ததால். யூபிஎன்பியை அணையுங்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன்.

நிழல்மரம்

எல்லோருக்கும் நன்றி. என் ரீபில்ட் எப்படியோ முடிந்தது. முடிந்த கையோடு தரவு முழுவதையும் வெளி டிரைவில் நகல் எடுத்துவிட்டு, எஸ்.எம்.ஆரைக் கழற்றி சி.எம்.ஆர். போட்டேன். இரண்டாம் ரீபில்ட் ஒரே இரவில் முடிந்தது. மழைத்துளி சொன்னபடி சீட்டும் ஒட்டியாயிற்று. பழைய மூன்றில் ஒன்று மேசை டிரைவ் என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஏழாம்படி, அந்த 7 நொடி அமைப்பை ஒருமுறை கொடுத்தால் போதுமா?

ஏழாம்படி

போதாது. பெரும்பாலான டிரைவ்களில் மின்சாரம் போய் வந்தால் பழையபடி ஆகிவிடும். நாஸ் தொடங்கும்போதே ஓடும்படி ஸ்கிரிப்டில் போட்டுவிடுங்கள். ஒருமுறை அணைத்துப் போட்டு, அமைப்பு நிற்கிறதா என்று படித்தும் பாருங்கள்.